உம் கொட்டுகிற பியானோ

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கதை சொல்ல உட்கார்ந்தால் அம்மாயி, அதாவது பாட்டி, பக்கத்தில் இருந்தாக வேண்டும். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீடு. இராத்திரிச் சோறு முடிந்து, ஆசாரம் என்கிற கூடத்தில் பாய் விரித்த பிறகு கதை தொடங்கும். பேரப்பிள்ளைகள் நாங்களும் உம் கொட்டுவோம். ஆனால் எங்கள் உம் எல்லாம் ஒரே உம். அம்மாயியின் உம் அப்படி இல்லை. கதை நேராகப் போகும்போது சின்னதாய் ஒரு "ம்". கதையில் வரும் பண்ணாடி, அந்தப் பண்ணையார், பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் இழுத்து ஒரு "உம்ம்ம்". அப்புச்சி எங்காவது தடுமாறி நின்றால் "அப்பறமுங்க?" திருடன் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் அம்மாயி வாயே திறக்க மாட்டார். அந்த மௌனத்தில்தான் எங்களுக்குப் பயம் பிடிக்கும். அம்மாயி ஊரில் இல்லாத நாட்களில் அதே கதையை அப்புச்சி பாதி நேரத்தில் முடித்துவிடுவார்.

பியானோவும் வயலினும் மட்டும் சேர்ந்து வாசிக்கும் ஜாஸ் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் இந்த ஆசாரத்துக் கதையைத்தான் சொல்வேன். வயலின் கதை சொல்கிறது, பியானோ உம் கொட்டுகிறது. நம் காது தானாகவே கதை சொல்பவர் பின்னால் போய்விடும், போகட்டும். ஆனால் இந்த இசையின் உயிர் அந்த உம்மில் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபடும்.

ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இசை. அதன் அடிப்படை நமக்குப் புதிதல்ல. தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் மேல் அந்த நேரத்துக் கற்பனையை வாசிப்பார்கள். நாம் மனோதர்மம் என்கிறோமே, அதுதான். வழக்கமாக ஒரு ஜாஸ் குழுவில் டிரம்ஸ் இருக்கும், அடிச்சுரம் பிடிக்க பேஸ் என்கிற பெரிய, கனத்த தந்தி வாத்தியம் இருக்கும். இரண்டு பேர் மட்டும் வாசிக்கும்போது இந்த இரண்டுமே இல்லை. மிருதங்கமும் தம்புராவும் இல்லாத கச்சேரியில் பாடகரும் பக்கவாத்தியக்காரர் ஒருவரும் மட்டும் மேடையில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். தாளத்தை யார் தாங்குவது? சுருதியை யார் காப்பது? பெரும்பாலும் பியானோக்காரரின் இடது கை. ஆனால் வயலின்காரரும் தன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாக வேண்டும். ஒருவர் நழுவினால் தாங்கிப் பிடிக்க மூன்றாவது ஆள் கிடையாது.

வயலினை நமக்குத் தெரியும். பாலுசாமி தீட்சிதர் காலத்திலிருந்து, ஏறக்குறைய 200 ஆண்டுகளாக அது கர்நாடக இசையின் சொந்த வாத்தியம் போலவே ஆகிவிட்டது. நம்மவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பார்கள். ஜாஸ் வயலின்காரர்கள் தாடைக்கு அடியில் வைத்து, பெரும்பாலும் நின்றபடி வாசிப்பார்கள். நான்கே தந்திகள், வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டை எதுவும் கிடையாது. அதனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போகலாம், வில் போகும் வரை சுரத்தை இழுத்து நிறுத்தலாம், நடுவில் அதைப் பெருக்கலாம், சுருக்கலாம்.

பியானோவால் இதில் ஒன்றுகூட முடியாது. 88 கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் தந்தியை அடிக்கும். அடித்த அந்த நொடியிலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். கட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் சத்தத்தை வளர்க்க வழியில்லை. கமகம் கிடையாது. பதிலுக்குப் பியானோவுக்குப் பத்து விரல் உண்டு. இடது கை ஒன்று சொல்ல, வலது கை வேறொன்று சொல்லலாம். ஒரே நேரத்தில் ஏழெட்டுச் சுரங்களை அடுக்கி ஒலிக்கவிடலாம். ஒன்று பேசப் பிறந்த வாத்தியம், இன்னொன்று நிலம் போட்டுக்கொடுக்கப் பிறந்தது. இந்த இருவர் கூட்டணி இவ்வளவு இனிப்பதற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான் என்பது என் எண்ணம். இரண்டு வயலின் சேர்ந்து வாசித்தால் போட்டி வரும். பியானோவும் வயலினும் ஒன்று மற்றதாக ஆக முடியாது, அதனால் ஒன்றுக்கொன்று தேவைப்படுகிறது.

இனி, எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும். பயப்பட வேண்டாம், ஆதி தாளம் போடத் தெரிந்தால் போதும். நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார். பழைய ஜாஸ் மெட்டுகளில் நிறைய 32 பார் நீளம் கொண்டவை. எட்டு பார் ஒரு மெட்டு, அதே மெட்டு இன்னொரு எட்டு, பிறகு வேறு திசைக்குப் போகிற எட்டு, மறுபடி முதல் மெட்டு எட்டு. மொத்தம் 128 எண்ணிக்கை, நம் கணக்கில், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் 16 ஆவர்த்தனம், அதாவது 16 சுற்று. நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்கிற நடு வேகத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம் வரும். முதல் சுற்றில் மெட்டை உள்ளபடி வாசிப்பார்கள். அப்புறம் அதே சுற்றின் மேல் கற்பனை, சுற்றுக்கு மேல் சுற்றாக. கடைசிச் சுற்றில் மெட்டு திரும்ப வரும். மெட்டு காணாமல் போய்விட்டதே என்று நடுவில் தோன்றும்போது இதை நினைவில் வையுங்கள். மெட்டுதான் மறைந்தது, சுற்று அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சுற்று என்பது பாவு, கற்பனை என்பது ஊடை. பாவு இழைகளை முன்கூட்டியே இழுத்துக் கட்டிய பிறகுதான் ஊடை குறுக்கே ஓட முடியும். துணியைப் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், நெய்தவருக்குத்தான் எது எது என்று தெரியும்.

சரி, அந்தப் பாவு எதனால் ஆனது? கார்டுகளால். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் அது கார்டு. ச, அந்தர காந்தாரம் என்கிற மேல் க, ப மூன்றையும் சேர்த்தால் வெளிச்சமான ஒரு கார்டு. அந்தர காந்தாரத்துக்குப் பதில் அதற்கு ஒரு கட்டை கீழே உள்ள சாதாரண காந்தாரம் வைத்தால் அதுவே கொஞ்சம் நிழல் தட்டிப்போகும். கர்நாடக இசைக்குப் பழகிய காதுக்கு இங்கேதான் பெரிய திருப்பம் இருக்கிறது, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நம் கச்சேரியில் தம்புராவோ சுருதிப்பெட்டியோ ச, ப என்று தொடக்கம் முதல் மங்களம் வரை அசையாமல் நிற்கும். பாடகர் எங்கே போனாலும் அடியில் நிலம் ஒன்றே. ஜாஸில் நிலமே நகர்கிறது. ஒரு பார், இரண்டு பாருக்கு ஒருமுறை பியானோக்காரர் அடிக்கார்டை மாற்றிக்கொண்டே போவார். இப்போது வயலின் ஒரே ஒரு ச-வை மட்டும் நீளமாக இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பியானோ ச-க-ப கார்டை அடித்தால் அந்த ச வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாதிரி கேட்கும். அதே ச-வுக்கு அடியில் பியானோ ம-த-ச கார்டுக்கு மாறினால் வயலின் அதே சுரத்தில்தான் இருக்கிறது, ஆனால் கூரைமேல் ஏறி நிற்பது போல ஒலிக்கும். அடுத்து த-ச-க கார்டு வந்தால் அதே ச ஏனோ கலங்கிப்போகும். இன்னும் ஒரு படி போய் ரி, பிரதி மத்திமம் என்கிற மேல் ம, த, ச என்று நான்கு சுரக் கார்டு வைத்தால் அந்த ச எங்கேயோ போகத் துடிக்கும். வயலின் விரலை அசைக்கவே இல்லை, உம் கொட்டியவர்தான் கதையை மாற்றினார். வீட்டில் கீபோர்டு இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். ஒரு கையால் ஒரு கட்டையை விடாமல் தட்டிக்கொண்டே, மறு கையால் அடியில் கார்டை மாற்றுங்கள். நான் பத்துப் பதிவுகள் கேட்டுப் புரிந்துகொள்ளாததை இந்த ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டேன்.

அடுத்தது நடை. ஜாஸுக்கு ஸ்விங் என்று ஒரு நடை உண்டு. அதை விளக்க ஏதேதோ சொல்வார்கள், நமக்கு நம் சொல்கட்டு போதும். "தகிட தகிட" என்று சீராகச் சொல்லுங்கள். இப்போது நடுவில் வரும் "கி"-யை வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். "த–ட த–ட த–ட". ஒன்று நீளம், ஒன்று குட்டை. நடு வேகத்தில் ஸ்விங் ஏறக்குறைய இதுதான். வேகம் கூடக்கூட நீளமும் குட்டையும் சமமாகிக்கொண்டே வரும். இதோடு, நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஓர் அழுத்தம் விழும். நாம் தொடையில் தட்டும்போது ஒன்றில் கை தானாக அழுந்தும். இரண்டிலும் நாலிலும் தட்டிப் பழகினால் இந்த இசைக்குள் நுழைந்துவிட்டீர்கள். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் இடறும். தறி எல்லா அடியையும் ஒரே அளவில் போடும், இங்கே ஒவ்வோர் அடியும் கொஞ்சம் சாய்ந்து விழுகிறது.

இப்போது உம்முக்கு வரலாம். வயலின் கற்பனை வாசிக்கும்போது பியானோக்காரர் விட்டுவிட்டு, எதிர்பாராத இடங்களில் கார்டுகளைத் தட்டுவார். இதற்குக் காம்பிங் என்று பெயர். எந்த எண்ணிக்கையில் தட்ட வேண்டும் என்று சட்டம் கிடையாது. வயலின் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு விடும் இடத்தில் ஒரு தட்டு. வயலின் ஏறிக்கொண்டே போனால் அடியில் நெருக்கமாக நாலைந்து தட்டு. வயலின் ஏதாவது புதிதாகச் சொன்னால் அதே உருவத்தை வலது கையால் திருப்பிச் சொல்லி, "கேட்டேன்" என்று காட்டுவது. சில சமயம் முழுவதுமாகக் கையை எடுத்துவிடுவது. நம் கச்சேரி வயலின், பாடகர் போன வழியிலேயே நிழல் மாதிரி ஒட்டிப் போகும். அது ஒரு பெரிய கலை. ஜாஸ் பியானோ ஒட்டிப் போகாது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கதை சொல்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இருவர் மட்டும் இருக்கும்போது பியானோவுக்கு இன்னொரு வேலையும் சேரும். பேஸ் இல்லாததால் அடிச்சுரத்தையும் அதுவே தர வேண்டும். அதற்குப் பழைய வழி ஒன்று, ஸ்டிரைடு என்பார்கள். இடது கை ஒன்றாவது, மூன்றாவது எண்ணிக்கையில் கீழே ஒரு கனத்த சுரத்தை அடித்துவிட்டு, இரண்டிலும் நாலிலும் நடுப்பகுதிக்குத் தாவி ஒரு கார்டைத் தட்டும். கை இங்கும் அங்கும் எட்டி நடப்பது போல இருக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு ஆட்கள் வாசிப்பது போலத் தோன்றும்.

ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்பதும் உண்டு. வயலின் நான்கு பார், பியானோ நான்கு பார் என்று பேச்சு கைமாறும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் பக்கத்து உடுக்கைப் பாட்டிலும் அண்ணன்மார் கதையைச் சொல்பவர் ஒரு வரியை விட, பின்பாட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்வார்.

இன்னொரு நுட்பம். ஜாஸுக்கு வேராக இருந்த புளூஸ் என்கிற இசை வகையில் ஒரு காந்தாரம் உண்டு. அது சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். வயலின் அங்கே விரலை வைத்துவிடும். பியானோவுக்கு அப்படி ஒரு கட்டையே கிடையாது. அதனால் இரண்டு காந்தாரங்களையும் சேர்த்தே அடித்து, நடுவில் இருப்பதை நம் காதில் உண்டாக்கப் பார்க்கும். முடியாததைச் சொல்ல அது எடுக்கும் இந்த முயற்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

எதைக் கேட்பது? நான் முதலில் நீட்டுவது ரெஜினா கார்ட்டர் வயலினிலும் கென்னி பாரன் பியானோவிலும் சேர்ந்து 2001-இல் வெளியிட்ட 'ஃப்ரீஃபால்'. கார்ட்டர் டெட்ராய்ட் நகரத்துக்காரர். அதே ஆண்டின் இறுதியில், பழைய வயலின் மேதை பகனினி வாசித்த, 1743-இல் செய்யப்பட்ட வயலினை இத்தாலியின் ஜெனோவா நகரில் வாசித்த முதல் ஜாஸ் கலைஞர். 'ஃப்ரீஃபால்' தொகுப்பில் 'மிஸ்டீரியோசோ' என்று ஒன்று வரும். பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க் 1948-இல் பதிவு செய்த தன் சொந்த மெட்டு அது. ச-வுக்கும் த-வுக்கும் உள்ள தூரத்தை வைத்தே கீழும் மேலுமாக, மருதமலைப் படியை ஒவ்வொன்றாக ஏறுவது போலப் போகும். அடிப்படை 12 பார் புளூஸ், அதாவது 48 எண்ணிக்கை, ஆதி தாளம் ஆறே ஆவர்த்தனம். தொடங்குபவர் எண்ணிப் பழக இதைவிடக் கச்சிதமான அளவு கிடைக்காது. பாரனின் உம் மென்மையானது. வயலின்காரரைத் தள்ள மாட்டார், கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

அங்கிருந்து பின்னால் போகலாம். ஜோ வெனுட்டி ஜாஸ் வயலினின் முன்னோடி. 1920-களிலேயே எடி லாங் என்கிற கிட்டார்காரரோடு இருவராக வாசித்துப் பெயர் வாங்கியவர். வில்லின் மயிரை அவிழ்த்து, குச்சியை வயலினுக்கு அடியில் கொடுத்து, மயிர் நான்கு தந்தியிலும் ஒரே சமயத்தில் படும்படி வைத்து வாசிக்கும் வித்தை ஒன்று அவரிடம் இருந்தது. ஏர்ல் ஹைன்ஸ், 1928-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு தனியொரு பியானோவாக நின்று, இருவர் உரையாடல் என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டியவர். இந்த இருவரும் எழுபதை ஒட்டிய வயதில், 1975-இல், 'ஹாட் சோனாட்டாஸ்' என்ற பெயரில் சேர்ந்து வாசித்தார்கள். ஹைன்ஸின் இடது கையை மட்டும் கேளுங்கள். இப்போது அடிக்கும் என்று நாம் காத்திருக்கும் இடத்தில் அடிக்காது, நாம் விட்ட பிறகு அடிக்கும். இப்படிக் கதை கேட்பவர் எதிரில் இருந்தால் கதை சொல்பவர் சும்மா இருக்க முடியுமா?

ஸ்டெஃபான் கிராப்பெல்லியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1908-இல் பாரிஸில் பிறந்தவர். 1934-இல் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டோடு அவர் தொடங்கிய புகழ்பெற்ற குழுவில் வயலின், மூன்று கிட்டார், பேஸ் மட்டும்தான். டிரம்ஸும் இல்லை, பியானோவும் இல்லை. ஆனால் அவரே நல்ல பியானோக்காரர். இளம் வயதில் மௌனப் படங்களுக்குப் பியானோ வாசித்துப் பிழைத்தவர். உம் கொட்டுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்த கதைசொல்லி. 1980-இல் மார்ஷல் சோலால் என்கிற பியானோ மேதையோடு 'ஹேப்பி ரீயூனியன்' வாசித்தார். சோலால் குறும்புக்காரர், நிலத்தை நிமிடத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுவார். இதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேளுங்கள், முதலில் கேட்டால் தலை சுற்றும்.

பிறகு 1990-இல், 82 வயதில், பியானோக் கலைஞர் மெக்காய் டைனரோடு 'ஒன் ஆன் ஒன்'. டைனர் 1960-களில் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவில் இருந்தவர். அவர் இடது கை இடி மாதிரி இறங்கும். ச-க-ப என்று அடுக்காமல் ச-ம-நி என்று அடுக்குவார். காந்தாரம் இல்லாததால் அந்தக் கார்டு மகிழ்ச்சியா துக்கமா என்று எதையும் சொல்லாது, வெட்டவெளி மாதிரி திறந்து கிடக்கும். கிராப்பெல்லியின் வயலினோ பட்டு நூல். முப்பது வயது வித்தியாசம், வேறு வேறு உலகம். இவர்கள் சேர்ந்தால் ஒட்டுமா என்று நினைத்துத்தான் கேட்டேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தென்னை அந்தக் காற்றிலேயே சாய்ந்து நிமிர்ந்து ஆடுமே, அப்படி இருந்தது.

கேட்கும் முறை பற்றி ஒன்றிரண்டு. போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பியானோவின் இடது கை பாதிக்கு மேல் காணாமல் போகும், வயலின் மட்டும் கீச்சிடும். சுமாரான ஹெட்போன் ஒன்று போதும். ஒரே நாளில் பத்துப் பதிவு கேட்பதைவிட ஒரே பதிவைப் பத்துத் தரம் கேளுங்கள். முதல் இரண்டு தரம் வயலின் பின்னால் போங்கள். பிறகு வேண்டுமென்றே வயலினைக் கைவிட்டுவிட்டு, அடியில் நடப்பதை மட்டும் கவனியுங்கள். பியானோ எங்கே நிறுத்துகிறது என்று பாருங்கள், எங்கே அடிக்கிறது என்பதைவிட அதுதான் அதிகம் சொல்லும்.

எங்கள் பக்கத்துத் தறிக்குடோனில் முப்பது வருடமாகத் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பத்துத் தறி ஒன்றாக ஓடும் இரைச்சலில், எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவார். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் ஒரு நாளில் குடோனே நிசப்தமாக இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவருக்கு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். எதையும் விளக்கவில்லை. பியானோ என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார், போனில் படத்தைக் காட்டினேன். அவ்வளவுதான். பீடியைக்கூடப் பற்றவைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வயலின் உச்சியில் எதையோ சுழற்றிக்கொண்டிருந்த இடத்தில் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏங்கண்ணு, அந்தப் பெட்டிக்காரரு நடுவால உட்டுட்டாரே. நூலு அறுந்துபோச்சா?"

நான் அதுவரை கவனிக்கவே இல்லை. பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டோம். நான்கு பார், பியானோ வாய் திறக்கவில்லை. ஐந்தாவதில், இரண்டாம் எண்ணிக்கையில், மெதுவாக ஒரு கார்டு விழுந்தது.

"உம்" என்றார் அவர். "இன்னொருக்கா போடு."